கடலுக்கு முதுகைக் காட்டிய பள்ளிக்கூடம்

போன மாதம் மதுரையில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பிடுங்கிய குழி லேசில் ஆறவில்லை. வலி பொறுக்காமல் மறுபடி போனபோது, அந்த டாக்டர் பெண் இடுக்கியால் மஞ்சள் நிறத் துணித்துண்டு ஒன்றை எடுத்துக் குழிக்குள் வைத்து அழுத்தினார். அயோடோஃபார்ம் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. திறந்த வாயோடு "பலனோகிளாசஸ்" என்றேன். அவருக்கு அது முனகலாகத்தான் கேட்டிருக்கும். "வலிக்குதாம்மா?" என்றார்.

பிளஸ் ஒன் விலங்கியலில் அரைநாணிகள் என்றொரு சிறு பாடம் உண்டு. அதில் வருகிற புழு பலனோகிளாசஸ். முதுகெலும்பு இல்லாத பிராணிகளுக்கும் நம்மைப் போன்ற முதுகெலும்பிகளுக்கும் உறவு எங்கே என்று தேடுகிறவர்கள் அதன் செவுள் துளைகளைக் காட்டுவார்கள். படம் வரைந்து பாகம் குறித்தால் ஐந்து மதிப்பெண். அது உயிரோடு வாழ்கிற இடங்களில் ஒன்று பாம்பனுக்குத் தெற்கே இருக்கும் குருசடைத் தீவு. கையில் எடுத்தால் வழவழவென்று கோழை ஒட்டும், அயோடோஃபார்ம் வாடை அடிக்கும். அந்த வாடை சோப்புப் போட்டாலும் சாயங்காலம் வரை போகாது. இதைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கடலைப் பார்க்காத ஊர். அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காடு. வேலைக்கான உத்தரவு ராமேஸ்வரம் தீவில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு வந்தபோது சாலைப் பாலம் கிடையாது. அது 1988-ல்தான் திறந்தது. மண்டபத்தில் நின்ற ரயில் 1914-ல் கட்டிய பாலத்தின் மேல் ஊர்ந்து ஊர்ந்து போனது. ஜன்னலில் கீழே பார்த்தால் தண்டவாளம்கூடத் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் வடகடல், அந்தப் பக்கம் தென்கடல். இது பொம்பளக் கடலு, அது ஆம்பளக் கடலு. பயப்படாம உக்காரு தாயி" என்றார். பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்று நான் வரைபடத்தில் படித்ததெல்லாம் அந்த ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

பள்ளிக்கூடம் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றது. ஜன்னல்கள் எல்லாம் ரோட்டைப் பார்த்திருந்தன. கடல் பக்கம் முழுச் சுவர். மணல் அடிக்கும், உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், அதனால்தான் என்று காரணம் சொன்னார்கள். காரணம் சரிதான். ஆனால் அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு எண்ணம் உறுதியானது. அந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் எதற்காக என்று அந்தச் சுவர் சொல்லிக்கொண்டே இருந்தது.

செய்முறைத் தேர்வுக்குத் தவளையும் கரப்பானும் அறுக்க வேண்டும். தீவில் தவளைக்கு எங்கே போவது? மதுரையிலிருந்து ஆள் வைத்துத் தருவித்தோம். பிளாஸ்டிக் வாளியில் ரயிலேறி, பாலம் தாண்டி வரும். அதே நேரத்தில் கூப்பிடு தூரத்தில் கரைவலையை உதறிக்கொண்டிருப்பார்கள். விலை போகாதது என்று மணலில் வீசியவற்றில் நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் குதிரை, பேத்தை, பேர் தெரியாத நத்தைகள் கிடக்கும். விலங்கியல் புத்தகத்தின் பாதி அத்தியாயங்கள் காகம் கொத்தக் கிடந்தன. நாங்கள் தவளைக்குக் காத்திருந்தோம்.

கடல்பாடம் நடத்தத் தொடங்கியது இப்படித்தான். பாடத்திட்டத்தில் அதற்கு இடம் இல்லை. சனிக்கிழமைக் காலை, விருப்பமுள்ளவர்கள் மட்டும் என்று தலைமையாசிரியரிடம் வாய்மொழியாக அனுமதி வாங்கினேன். மண்டபம் கேம்பில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருந்தது. 1947-ல் சென்னையில் தொடங்கி, இரண்டு ஆண்டுகளில் மண்டபத்துக்கு வந்து, 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை இந்தியக் கடலாராய்ச்சிக்கே தலைவாசலாக இருந்த இடம். அங்கிருந்த அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். பையன்கள் கண்ணாடிப் புட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "எல்லாம் வெளுத்துப்போய்க் கெடக்கு டீச்சர். கலரு இப்படி இருக்காது" என்றார்கள். ஃபார்மலினில் நிறம் போய்விடும் என்று விளக்கினேன். நிறம் இருக்கும்போது நான் பார்த்ததில்லை, அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து என் பாடம் நடத்தும் முறையே மாறிப்போயிற்று. நான் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள். அதன் பிறகு, "உனக்கு எப்படித் தெரியும்?" என்பேன். அந்த இடத்தில்தான் வகுப்பு சூடு பிடிக்கும்.

ஒரு மார்கழியில் இரண்டு புட்டி கேட்டேன். ஒன்றில் வடகடல் தண்ணீர், இன்னொன்றில் தென்கடல் தண்ணீர். லேபின் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் அலுமினியச் சட்டியை வைத்து ஒவ்வொரு லிட்டராகச் சுண்டவிட்டோம். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும் என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். தென்கடல் அந்த அளவுக்குப் பக்கத்தில் வந்தது. வடகடல் கண்ணில் தெரிகிற அளவுக்குக் குறைந்தது. "தராசு சரியில்லை" என்றான் ஒருவன். மாற்றி வைத்தும் அப்படியே. ஏன் என்று கேட்டதற்குப் பதில் வகுப்பின் நடுவிலிருந்து வந்தது. வாடைக்காற்றுக் காலத்தில் வடக்கேயிருந்து நீரோட்டம் இறங்கும், மழைத்தண்ணீரும் ஆற்றுத்தண்ணீரும் கலந்த கலங்கலைக் கொண்டு வரும், கச்சான் வீசும் மாதங்களில் அது மாறிவிடும் என்றான். வங்காள விரிகுடாவின் உப்பு குறைந்த நீர் வடகிழக்குப் பருவக்காற்றோடு தெற்கே வருவதைக் கல்லூரியில் எனக்கு ஒரு பேராசிரியர் படம் போட்டு நடத்தியிருந்தார். இவன் அப்பாவோடு வலை இழுத்தபோது தெரிந்துகொண்டிருக்கிறான். ஆனால் கலங்கலைக் கிராமில் நிறுத்துப் பார்க்கலாம் என்பது அவனுக்கும் புதிது. சட்டியில் ஒட்டியிருந்த உப்பைச் சுரண்டிச் சுரண்டி நாக்கில் வைத்துக்கொண்டே இருந்தான்.

இப்படி நாலைந்து சனிக்கிழமை போயிருக்கும். ஒரு பையனின் தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். சட்டை பட்டனைக்கூடச் சரியாகப் போடாத வேகம். மரத்தடியில் நின்றபடி கேட்டார்.

"டீச்சர், எம்பய கடலுக்குப் போகக்கூடாதுன்னுதான் இங்கன அனுப்புறேன். எங்கப்பன் போனாரு, நான் போறேன். ராத்திரி போனா காலைல வீட்டுக்கு வருவனாங்குறதுக்கு உத்தரவாதம் இல்ல. அங்கிட்டு நேவிக்காரன், இங்கிட்டுக் கடன்காரன். படிச்சு ஆபீஸ்ல போய் உக்காரட்டும்னு பாத்தா, நீங்க திரும்பக் கடலையே காட்டுறீங்களே?"

என்னிடம் பதில் இல்லை என்று சொல்ல முடியாது. கடல் ஆராய்ச்சி என்று ஒரு படிப்பு இருக்கிறது, மீன்வளக் கல்லூரி தூத்துக்குடியில் இருக்கிறது, அரசாங்க வேலையே உண்டு என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அதுக்கு எம்புட்டு மார்க்கு வேணும்?" என்றார். சொன்னேன். "சனிக்கிழம கணக்கு டியூசனுக்கு அனுப்புனா அந்த மார்க்கு வரும்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் பையன் வரவில்லை. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தைக் கட்டியவர்கள் சுவராக எழுப்பி வைத்ததைத்தான் அவர் வாயால் சொன்னார். கரையோரப் பள்ளிகளில் கடலைக் கற்பிக்க வேண்டும் என்று எத்தனையோ கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன். பேசுகிறவர்கள் இவர் முன்னால் ஒரு தடவை நின்றுவிட்டுப் பேசலாம். பையன் இரண்டு வாரம் கழித்துத் தானாகவே வந்தான். டியூஷன் வாத்தியாருக்கு அம்மை என்றான்.

குருசடைக்குப் போனது அந்த வருடம்தான். 1986-ல் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்திருந்ததால் வனத்துறையிடம் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். அதற்கு அலைந்த கதையை விட்டுவிடுகிறேன். குந்துகாலிலிருந்து வல்லத்தில் புறப்பட்டோம். காலில் முள் குத்தும், திருக்கை கிடக்கும் என்று நான் கான்வாஸ் ஷூ போட்டிருந்தேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை, அந்த மரியாதையை நான் இன்றும் மறக்கவில்லை.

1927-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் அந்தச் சின்னத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றியே தனியாக ஒரு நூல் வெளியிட்டது. வத்தத்தில், அதாவது கடல் வற்றும் நேரத்தில், இறங்கி நடந்தால் ஏன் என்று புரியும். முழங்கால் தண்ணீர், அடியில் தாழை என்று அங்கே சொல்கிற கடல்புல், நடுநடுவே வெறும் மணல். அந்த மணலில் சுருள் சுருளாகக் குவியல்கள். முறுக்குப் பிழிந்து வைத்ததுபோல் இருக்கும். புழு மணலை விழுங்கி, அதிலுள்ள இரையை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பின்பக்கமாகத் தள்ளியது அது. பக்கத்தில் கையை விட்டு மெதுவாகத் தோண்ட வேண்டும். அவசரப்பட்டால் புழு இரண்டாக அறுந்துவிடும். ஒரு பெண் மட்டும் அறுக்காமல் எடுத்தாள். மஞ்சள் கலந்த வெளிறிய நிறம், முன்னால் மூக்குப் போன்ற சின்ன முனை, அதன் பின்னால் கழுத்துப்பட்டை, பிறகு நீண்ட தொளதொளத்த உடம்பு. உள்ளங்கையில் அதன் பாரத்திலேயே அது நீண்டுகொண்டு போனது. எல்லோரும் மோந்து பார்த்தார்கள். "ஆஸ்பத்திரி நாத்தம்" என்றார்கள். பார்த்துவிட்டுத் தோண்டிய இடத்திலேயே விடச் சொன்னேன். அந்த வருடம் ரெக்கார்டு நோட்டில் அந்தப் படத்தை யாரும் புத்தகத்தைப் பார்த்து வரையவில்லை. எல்லார் படத்திலும் புழு வளைந்திருந்தது. மதிப்பெண் போட வந்த வெளித்தேர்வாளர், "படத்தில் இருப்பதுபோல் நேராக வரையப் பழக்குங்கள்" என்று அறிவுரை சொல்லிப் போனார்.

அறுக்காமல் எடுத்த அந்தப் பெண்ணின் அம்மா பாசி எடுக்கிறவர். அதை அவள் வகுப்பில் சொன்னதில்லை. சனி ஞாயிறு சில நேரம் அம்மாவோடு முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு அவளும் முங்குவாள் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தது எப்படி என்றால், காரல் பொடியால்.

காரல் என்றால் அங்கே மதிப்பில்லாத மீன். கருவாடாகும், கோழித்தீவனமாகும். ஆனால் அதன் தொண்டைக் குழலைச் சுற்றி மோதிரம்போல் ஒரு உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒளிவிடும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. விடியற்காலையில் வந்த காரலை வாங்கி, சாமான் அறைக்குள் கதவைச் சாத்தி, ஜன்னல் இடுக்கில் சாக்கைச் சொருகினோம். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் ஆயிற்று. பிறகு அறுத்து வைத்த மீனில் நகக்கண் அளவுக்கு நீலம் பூத்தது. "ஏ... இது நம்ம காரலாடா!" என்று ஒரு குரல். தினமும் தின்கிற மீன், தினமும் காலில் மிதிபடுகிற மீன். வெளிச்சம் வயிற்றுப் பக்கம் கசியும்படி உடம்பு அமைந்திருக்கிறது, எதற்காக இருக்கும் என்று கேட்டேன். இரையைக் கூப்பிட, துணையைக் கூப்பிட என்று பலவிதமாகச் சொன்னார்கள். இருட்டில் இவள் குரல் கேட்டது.

"முங்கிப் போய் மேல பாத்தா வல்லத்தோட அடி கருப்பாத் தெரியும் டீச்சர். மேல வெளிச்சம், நடுவுல அது மட்டும் கருப்பு. மீனும் அப்படித்தான் தெரியும். வயித்துல வெளிச்சம் இருந்தா கீழ இருக்க பெரிய மீனுக்கு இது இருக்கிறதே தெரியாது."

காரல் இனத்தைப் பற்றி எழுதியவர்களும் இந்த விளக்கத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். கதவைத் திறந்ததும் ஒரு பையன், "நீ எப்பப் புள்ள முங்குன?" என்று கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுடைய அம்மாவை வகுப்புக்கு அழைத்தேன். மகளுக்கு அதில் விருப்பமே இல்லை. அந்த அம்மா நாலு வகைப் பாசியை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் பரப்பினார். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி. எது பார் என்கிற கடலடிப் பாறை மேல் ஒட்டும், எது தாழைக்குள் கிடைக்கும், எந்த மாதம் கனமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். விரல்களில் துணி சுற்றிய தடம் அழியாமல் இருந்தது. பார்க்கல் கிழிக்காமல் இருக்கத் துணியைச் சுற்றிக்கொண்டு பறிப்பார்களாம். முதல் இரண்டிலிருந்தும் அகர், மற்ற இரண்டிலிருந்தும் ஆல்ஜினேட் எடுக்கிறார்கள், ஐஸ்கிரீமிலிருந்து நுண்ணுயிர் வளர்க்கும் தட்டு வரைக்கும் போகிறது என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "எடுத்து முடிச்ச பெறவு அந்த அகரு கிலோ என்ன வெலைக்குப் போகுது டீச்சர்?" என்றார். வகுப்பே என்னைப் பார்த்தது. அடுத்த வாரம் மதுரைக்குப் போனபோது விசாரித்து வந்து விலையைக் கரும்பலகையில் எழுதினேன். பக்கத்தில் அவருக்குக் கிடைக்கிற விலையை மகள் எழுந்து வந்து எழுதினாள். சுண்ணக்கட்டியைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்து நடந்து போய் உட்கார்ந்தாள்.

பிற்காலத்தில் பூங்காவின் எல்லைக்குள் பாசி எடுக்கத் தடை இறுகியபோது, பாசி எடுக்கும் பெண்கள் தாங்களாகவே மாதத்தில் 12 நாள் மட்டும்தான் போவது, மீன்பிடித் தடைக் காலத்தில் பாசியும் எடுப்பதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலத்து லட்சுமிக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது 2015-ல் கிடைத்தது இந்த வழியில்தான்.

எவ்வளவோ மாறிவிட்டது. எங்கள் லேபில் பையன்கள் கொண்டுவந்த கடல் குதிரைகளும் கடல் அட்டைகளும் புட்டி புட்டியாக இருந்தன. 2001-ல் அவற்றையும் பவளத்தையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலிக்கு இருக்கிற பாதுகாப்பு. அதற்குப் பிறகு லேபில் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. பவளம் நடத்த வேண்டுமென்றால் தெருவுக்குக் கூட்டிப் போவேன். பழைய வீடுகள் முருகைக்கல் என்கிற பவளக்கல்லில் கட்டியவை. சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் சுவர் முழுக்க நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள், ஒவ்வொன்றும் ஒரு பவள உயிர் இருந்த வீடு. பார்களிலிருந்து அந்தக் கல்லை வல்லம் வல்லமாக வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போனதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அந்தச் சுவரில் விரலை வைத்துக்கொண்டு, பவளத்தின் உடம்புக்குள் பாசி குடியிருப்பதையும், தண்ணீர் சூடேறினால் அந்தப் பாசி வெளியேறிப் பவளம் வெளுப்பதையும் நடத்தினால் மறுபடி சொல்லத் தேவையிருக்காது. வீட்டுக்காரப் பாட்டி மட்டும், "செவுத்தச் சொரண்டாதீங்கப்பா" என்பார்.

இப்போது பலனோகிளாசஸ் நீட் தேர்வுப் பயிற்சி ஏட்டில் நாலு விடைகளுள் ஒன்றாக இருக்கிறது. கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே பிள்ளைகள் வட்டத்தைக் கறுப்பாக்கிவிடுகிறார்கள். வேகத்தில் குறை சொல்ல முடியாது. பாம்பனிலிருந்து கிளம்பி ராமநாதபுரம் கோச்சிங்குக்குப் பஸ்ஸில் போகிற பிள்ளைகள் குந்துகால் எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்த மரத்தடித் தகப்பனாரின் மகன் பாலிடெக்னிக் படித்தான். வேலை தேடிச் சென்னை, திருப்பூர் என்று சுற்றினான். கடைசியில் விசைப்படகுக்குத்தான் திரும்பினான். என் சனிக்கிழமைகளால் அப்படி ஆனதென்று அவன் அப்பா ஒருநாளும் சொல்லவில்லை, ஆனால் என்னைக் கண்டால் பேச்சைச் சுருக்கிக்கொள்வார். மகன் அப்படி இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருதரம் போன் செய்வான். சமீபத்தில் ஒரு ராத்திரி கூப்பிட்டான்.

"டீச்சர், கடல் பச்சையாக் கெடக்கு. பூங்கோரை வந்துருக்கு. பார் மீனெல்லாம் செத்து ஒதுங்குது."

நாக்டிலூகா, அது பெருகி அழியும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் இல்லாமல் போகும், ஓடித் தப்ப முடியாத பார் மீன்தான் முதலில் சாகும் என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் தெரியும் டீச்சர். எம்மவன் ஒண்ணு கேக்குறான், அவங்கிட்டச் சொல்லுங்க."

போன் கை மாறியது. ஆறாவது படிக்கிறவனாம். "டீச்சர், அது செடியா, மிருகமா?"

ஒரே செல் கொண்ட உயிர், இரை பிடித்துத் தின்னும், ஆனால் நம் கடலில் வருகிற வகை தன் உடம்புக்குள் பச்சைப் பாசியையும் வைத்திருக்கும், அந்தப் பாசி வெயிலில் சமைப்பதையும் இது சாப்பிடும் என்றேன். பவளத்தைப் போலத்தான் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப இருட்டுல வச்சா உள்ள இருக்குற பச்ச செத்துருமா? அது மட்டும் செத்தா இது பொழச்சுக்கிருமா?"

"ரெண்டு பாட்டில் எடு," என்றேன். "ரெண்டுலயும் அதே தண்ணி. ஒன்ன வெளிச்சத்துல வை, நேர் வெயில் வேண்டாம், சூடாயிரும். இன்னொன்ன கருப்புத் துணி சுத்தி வை. காலைலயும் சாயங்காலமும் பாத்து எழுதி வை."

பின்னாலிருந்து அவன் அம்மாவின் குரல் போனையும் மீறிக் கேட்டது. "அந்த நாத்தத்த வீட்டுக்குள்ள கொண்டாந்தே, அப்பனையும் மவனையும் சேத்து வெளிய தள்ளிக் கதவச் சாத்திருவேன்!"

"வாசல்ல வைக்கலாமா டீச்சர்?" என்றான் பையன்.